தண்டவாளம் வரைந்த கதை

கடம்பத்தூர் ரயில் நிலையத்தில், அரக்கோணம் பக்கம் பார்த்த மாதிரி ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. பணி ஓய்வு பெற்ற முதல் இரண்டு ஆண்டுகள் அதுதான் என் ஆபீஸ். காலையில் வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ஆனால் நடப்பது ஸ்டேஷன் வரைக்கும்தான். அதற்கப்புறம் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிபன் பாக்ஸும் தோள் பையுமாக ஓடிவந்து ரயிலைப் பிடிக்கிறவர்களைப் பார்க்கையில் ஒரு பொறாமை வரும். வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பொறாமை.

2018 பொங்கல் விடுமுறைக்கு வந்த பேத்தி, ஊருக்குத் திரும்பும்போது பாதி எழுதாத ஒரு ட்ராயிங் நோட்டை விட்டுவிட்டுப் போனாள். கூடவே ஒரு 2பி பென்சில். ஒரு நாள் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எதிரே இருப்பதை வரைவோமே என்று தண்டவாளத்தை வரைய ஆரம்பித்தேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு ட்ராயிங் புதிதல்ல. 1976ல் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் சேர்ந்தவன். அதன்பின் இந்தத் திருவள்ளூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் 38 வருடம் வரைவதுதான் என் சோறு. டி ஸ்கொயர், டிராஃப்டர், ரோட்ரிங் பேனா, டிரேசிங் பேப்பர், அமோனியா பிரிண்ட் நாற்றம் எல்லாம் என்னுடைய இளமைக்காலம். ஆகவே இரண்டு தண்டவாளம் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர் என்பது தெரியும். இரண்டு கோடுகளும் இணைகோடுகள் என்பதும் தெரியும். ஸ்லீப்பர்கள் சம இடைவெளி. மளமளவென்று போட்டு முடித்தேன்.

பெஞ்சில் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிற பெரியவர் எட்டிப் பார்த்தார். ரயில்வே கேங்கில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இன்னா சார், ஏணியா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை. தாளில் இருந்தது சுவரில் சாத்தி வைத்த ஏணிதான். “தண்டவாளம் மேஸ்திரி” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நின்னுகினு பார்த்தா ரயில் எப்பவும் நல்லாத்தான் சார் தெரியும். நாங்க குந்திப் பார்ப்போம். கண்ணை ரயில் மட்டத்துக்குக் கொண்டுபோனாத்தான் எங்க பள்ளம், எங்க நெளிவுன்னு தெரியும். நீங்க பார்க்காமலே போட்டுட்டீங்க” என்றார்.

பார்க்காமலே போட்டுவிட்டேன். 38 வருடம் வரைந்த ஒருவனிடம், 60 வயதில் ஒருவர் சொன்ன வார்த்தை இது. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த நாள் காலையில், யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, நடைமேடை ஓரத்தில் முழங்கால் கெஞ்சக் கெஞ்சக் குந்திப் பார்த்தேன். தண்டவாளங்கள் இரண்டும் செஞ்சி பனம்பாக்கம் திசையில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. கிட்டத்தில் இருந்த ஸ்லீப்பர் விறகுக்கட்டை கனத்தில் இருந்தது. தூரத்து ஸ்லீப்பர் தீக்குச்சி மாதிரி இருந்தது. நான் வரைந்தது எனக்குத் தெரிந்த தண்டவாளம். கண்ணெதிரே இருந்த தண்டவாளம் வேறு.

என் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெஷின் ட்ராயிங்கில் தூரம் என்ற ஒன்று கிடையாது. நிழல் கிடையாது. முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று தோற்றங்கள். இணைகோடு கடைசி வரைக்கும் இணைகோடாகத்தான் போக வேண்டும். அப்படி இல்லாவிட்டால் லேத்தில் நிற்பவன் என்ன செய்வான்? ஒரு பொருள் எப்படித் தெரிகிறது என்பது அங்கே கேள்வியே இல்லை, எப்படி இருக்க வேண்டும் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் போட்டே பழகிவிட்ட கை என்னுடையது.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு ஆர்வம் பிறந்தது. நம்மூரில் இந்த ட்ராயிங் என்ற பாடம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் கிடைத்தது.

எங்கள் ஊர் வழியாகப் போகும் இந்தத் தடம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. 1856 ஜூலை 1ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. தண்டவாளம் வந்த அதே பத்தாண்டில்தான் பள்ளிக்கூடத்து ட்ராயிங்கும் சென்னைக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் ஓவியரும் அல்லர், டாக்டர். கம்பெனி ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹன்டர், 1850ல் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். இந்த வகையில் இந்தியாவிலேயே பழைமையானது. சென்ட்ரலில் இறங்கி எத்தனையோ முறை அந்த வாசலைக் கடந்து பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஹன்டருக்கு மண்பாண்டம், செதுக்கு அச்சு, புகைப்படம் என்று பலவற்றில் ஈடுபாடு இருந்தது. பள்ளியின் நோக்கமும் அதை ஒட்டியதே. ஓவியர்களை உண்டாக்குவதைக் காட்டிலும் நல்ல கைவேலைக்காரர்களை உண்டாக்குவதில்தான் அக்கறை. குயவருக்கும் தச்சருக்கும் அச்சுக்கூடத்து ஆளுக்கும் ட்ராயிங் தெரிந்தால் பண்டம் நன்றாக வரும், நன்றாக விற்கும் என்ற கணக்கு. 1851ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தியக் கைவினைப் பொருள்களைப் பார்த்து ஐரோப்பா வியந்த காலம் அது.

லண்டனிலும் அப்போது அதே பேச்சுத்தான். சவுத் கென்சிங்டன் பாடமுறை என்று ஒன்றை அரசு வகுத்தது. மொத்தம் 23 படிகள். முதலில் கருவி வைத்து நேர்கோடு, வளைகோடு. பிறகு தட்டையான மாதிரிப் படத்தைப் பார்த்து நகலெடுப்பது. அப்புறம் சுண்ணாம்பு அச்சு உருவங்கள். இப்படியே படியேறிப் போக வேண்டும். இந்தியாவின் கலைப்பள்ளிகளிலும் அந்த முறையின் சாயல் விழுந்தது. நம் பள்ளிக்கூடங்களில் டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு பூ ஜாடியை இடம் வலம் பிசகாமல் போட்டு, அதைப் பார்த்து எழுபது பையன்களும் போட்ட காலம் நினைவிருக்கிறதா? லோயர், ஹையர் என்று அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளுக்கு ரப்பரும் கையுமாக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பூ ஜாடி லண்டனிலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐ.டி.ஐ.யில் நான் படித்ததும் அந்தக் குடும்பத்துப் பாடம்தான்.

இதே காலத்தில் லண்டனில் இதற்கு நேர் எதிரான ஒருவரும் இருந்தார் என்பதைப் பிறகு படித்தேன். ஜான் ரஸ்கின். காந்தியடிகள் 1904ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் பயணத்தில் படித்து, தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டாரே, ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற புத்தகம், அதை எழுதியவர்தான். இந்த ரஸ்கின் 1854லிருந்து லண்டனில் உழைக்கும் மக்களுக்கான ஒரு கல்லூரியில் மாலை நேரத்தில் சம்பளம் வாங்காமல் ட்ராயிங் கற்றுக்கொடுத்தார். வந்தவர்கள் தச்சர்கள், அச்சுத் தொழிலாளர்கள் மாதிரியான ஆட்கள். இவர்களுக்கு எதற்கு ட்ராயிங் என்று ஓர் அரசுக் குழு கேட்டபோது அவர் சொன்ன பதிலின் சாரம் இது: தச்சனை ஓவியனாக்குவது என் நோக்கமல்ல, அவன் தச்சனாகவே இன்னும் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுதான் நோக்கம்.

ட்ராயிங்கை அவர் கண்ணுக்கான பயிற்சியாகப் பார்த்தார். நமக்குத் தெரிந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் பார்வை கிடைத்தவன் மாதிரி பார்க்க வேண்டும் என்பது 1857ல் வந்த அவருடைய பாடப்புத்தகத்தின் அடிப்படை. மேஸ்திரி ரஸ்கினைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டு பேரும் என்னிடம் ஒன்றையேதான் சொன்னார்கள்.

ஆக, ட்ராயிங்குக்கு இரண்டு உபயோகம். ஒன்று பண்டத்துக்கு, மற்றொன்று ஆளுக்கு. முதலாவதை நான் 38 வருடம் செய்துவிட்டேன். இரண்டாவதைத் தொடங்க வயது தாண்டிவிட்டதோ என்று சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் தீர எனக்கு உதவியவர்கள் சிலர்.

முதலில் ரவீந்திரநாத் தாகூர். 1900ம் ஆண்டு, 39 வயதில், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இப்போது நோட்டுப் புத்தகமும் கையுமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன், பென்சிலைவிட ரப்பருக்குத்தான் வேலை அதிகம், இவை பாரிஸ் கண்காட்சிக்கு அல்ல என்று தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். பிறகு அதை விட்டுவிடுகிறார். 1924ல் அர்ஜென்டினாவில் உடல்நலமில்லாமல் தங்கியிருந்தபோது ‘பூரபி’ கவிதைகளை எழுதுகிறார். கையெழுத்துப் பிரதியில் அடித்த இடங்களை அப்படியே விட மனம் வராமல் ஒன்றோடொன்று இணைக்கிறார். அடித்தல்கள் பறவையாகின்றன, விசித்திர விலங்காகின்றன, முகமாகின்றன. அப்போது அவருக்கு வயது 63. அங்கிருந்து பிடித்த வேகத்தில் கடைசி வரை 2,000க்கும் மேற்பட்ட படங்கள். 1930 மே மாதம் முதல் கண்காட்சி நடந்தது. எங்கே தெரியுமா? பாரிஸில்தான்.

நோபல் பரிசு வாங்கிய மகாகவியோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. என்னைத் தொட்டது அந்த அடித்தல்தான். தவறாகப் போன இடத்திலிருந்தே அவர் தொடங்கினார். என் ஏணியைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டது இதைப் படித்த பிறகுதான்.

அடுத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை இறந்ததால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். பிறகு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 25 வயதில், 1936ல்தான் ஹன்டரின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. கடற்கரையில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பின்னாளில் பணிக்கரே அந்தப் பள்ளிக்கு முதல்வரானார். படித்து முடித்த பிள்ளைகள் பிழைப்புக்காக வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்று கவலைப்பட்டு, 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே ஓவியர்கள் அங்கே தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஓவியமும் வேண்டும், சோறும் வேண்டும், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டாம் என்ற ஏற்பாடு.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையில் கணக்குக் குறிகளும், படிக்க முடியாத எழுத்துகளும், கட்டங்களும் நிறைந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் பழைய டிரேசிங் ஷீட்டின் ஓரம் மாதிரியே இருந்தது. நான் குப்பைத்தொட்டியில் போட்ட ஷீட்டுகளின் ஓரத்தில் அழகு இருந்திருக்கும் போலிருக்கிறதே என்று பிறகு தோன்றியது.

மூன்றாவது, நம் தலைமுறைக்கு அறிமுகமே தேவையில்லாத சில்பி. நாமக்கல்லில் 1919ல் பிறந்த சீனிவாசன். பையனிடம் கை இருக்கிறது என்று கண்டுகொண்டு, சென்னை ஓவியப் பள்ளிக்கு வழிகாட்டியவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞராக ஊர் அறிவதற்கு முன் அவரே ஓவியம் வரைந்து பிழைத்தவர்தான். சீனிவாசனுக்குச் சில்பி என்று பெயர் வைத்தவர் ஆனந்த விகடனின் மாலி. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரிசைக்காக ஊர் ஊராகப் போய், கோயிலிலேயே உட்கார்ந்து, சிலைகளைக் கண்ணால் பார்த்து வரைந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களை வெட்டி பைண்டு செய்து வைத்திருந்தார்கள். சிறுவயதில் போட்டோ மாதிரியே இருக்கிறதே என்று பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன்.

போட்டோ மாதிரி இல்லை என்பது நானே முயற்சி செய்தபோதுதான் தெரிந்தது. ரயிலில் மூன்றாவது ஸ்டேஷனாக வரும் திருவாலங்காட்டுக்கு ஒரு நாள் நோட்டோடு போனேன். காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம். கோயிலில் ஒரு தூணின் சிற்பத்தை வரைய உட்கார்ந்தேன். போனில் போட்டோ எடுக்க ஒரு நொடி. வரைய இரண்டு மணி நேரம். முழங்கை எங்கே மடங்குகிறது, பாதத்தின் எடை எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. போட்டோவில் நிழலுக்குள் ஒளிந்துகொள்வதற்கெல்லாம் பென்சில் பதில் கேட்கிறது.

பூண்டியில் ஒரு தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரிகளைக் கண்டெடுத்த வரலாறு பள்ளிப் புத்தகத்தில் வருவதுதான். அங்குள்ள கருவிகளில் சில 15 லட்சம் ஆண்டு பழைமையானவை என்று 2011ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட கற்கருவிகளைப் பதிவு செய்ய, என்னதான் கேமரா வந்தாலும், தொல்லியல்காரர்கள் இன்றைக்கும் கையால் வரைகிறார்கள். எந்தச் சில்லு முதலில் பெயர்ந்தது, எந்தத் திசையில் அடி விழுந்தது என்பதை வரைகிறவர் பார்த்துப் புரிந்துகொண்டால்தான் கோடு போட முடியும். வரையத் தெரியாமல் போவதில் பாதி, பார்க்கத் தெரியாமல் போவது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2019 ஐப்பசி. நல்ல மழை. ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரி கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேறு எதுவும் இல்லாததால் அவள் கையை வரையலாம் என்று உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடத்தில் ஒரு கை வந்துவிட்டது. நேரான விரல்கள், சீரான கணுக்கள். அழகான கை. ஆனால் மேஸ்திரியின் குரல் காதில் விழுந்தது. ஏணியா சார்? தாளைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தேன். இந்த முறை கண்ணை முறத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நடுக்கணுவில் வீங்கியிருந்தன. மோதிர விரல் சற்றே சாய்ந்திருந்தது. மோதிரம் இல்லை. காம்பைக் கிள்ளுவதற்கு அவள் விரல் நுனியைப் பயன்படுத்தவில்லை. கட்டைவிரலின் பக்கவாட்டில் அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு போட்டுக்கொண்டே வந்த என் பென்சில் அந்தக் கணுவில் நின்றுவிட்டது.

“இது எப்போயிருந்து?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “போன வருஷத்துலேர்ந்து. சொன்னேனே உங்க கிட்ட.”

சொல்லியிருக்கிறாள்தான். யோசித்துப் பார்த்தால் வாயால் மட்டும் சொல்லவில்லை. காலையில் குக்கர் மூடியைத் திறந்து கொடுங்க என்பாள். பாட்டில் மூடி, பால் கவர், கிணற்றடிப் பைப்பு என்று தினமும் ஏதாவது ஒன்று. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகாதவன் வீட்டில் சும்மா கிடக்கிறான் என்று ஏவுகிறாள், சமையலறைக்கு எடுபிடி ஆக்குகிறாள் என்று மனதில் ஒரு முள். அந்த முள்ளோடுதான் ஒவ்வொரு நாள் காலையிலும் வாக்கிங் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்த எனக்கு, மூடியைத் திறக்க முடியாத கை பக்கத்தில் இருந்தது தெரியவில்லை.

டாக்டரிடம் போனோம். முடக்குவாதம் என்றார். மருந்து இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எனக்கு இன்றுவரை பதில் இல்லை. மருந்தில் வலி குறைந்தது. சாய்ந்த விரல் நிமிரவில்லை.

ட்ராயிங் ஒரு பொழுதுபோக்கு, மனதுக்கு நிம்மதி, வயதான காலத்தில் மூளைக்கு நல்லது என்றெல்லாம் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது கொடுத்தது நிம்மதி என்று சொல்ல மாட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டிக்கொடுத்தது. வேலையில் ஒரு கோடு பிசகினாலும் கண்டுபிடிப்பவன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்து எங்கள் ட்ராயிங் போர்டுகளை எல்லாம் பழைய சாமான் கிடங்குக்கு அனுப்பியபோது, என் கண்ணுக்கு மதிப்பில்லையா என்று குமுறியிருக்கிறேன். அந்தக் கண் எதைப் பார்த்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அது ஷீட்டைப் பார்த்தது. ஆட்களைப் பார்த்து நான் எடுத்த முடிவெல்லாம் தெரிந்ததை வைத்துப் போட்ட முடிவுகள். மகன் இப்படித்தான், மனைவி இப்படித்தான், கம்பெனி இப்படித்தான் என்று இணைகோடு போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

இப்போது நோட்டுகள் பதினொன்று ஆகிவிட்டன. கண்காட்சி வைக்கும் எண்ணமில்லை. வைத்தால் பார்க்கவும் ஆள் வராது. கூவம் ஆற்றுக் கரை, நரசிங்கபுரம் கோயில் வாசல், மப்பேடு போகும் பஸ்ஸில் தூங்குகிறவர்கள், டீக்கடை பாய்லர் என்று போய்க்கொண்டிருக்கிறது. மேஸ்திரியைப் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். மூக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முழங்கால் ஒத்துழைக்காததால் குந்திப் பார்க்க முடிவதில்லை. ஒரு அடி உயரத்தில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாக்கிங் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். வரையப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். குக்கர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான்.

மாதம் ஒரு முறை அவள் கையை வரைகிறேன். வரிசையாகப் பார்த்தால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்த அளவில் மருந்து வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். போன மாதம் வரைந்ததை நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ஏங்க, அந்த விரலையாவது நேரா போடக் கூடாதா?” என்றாள்.

பழைய நோட்டை எடுத்து, அந்த மழை நாளில் முதலில் போட்ட படத்தைக் காட்டினேன். நேரான விரல்கள், சீரான கணுக்கள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது யார் கை?” என்றாள்.